மாத்திரை இல்லாத தொண்ணூறு நாள்

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டில் வரப்போகிறவை:

1. மாத்திரை எதுவும் இல்லாமல், உணவாலும் நடையாலும் மட்டும், தொண்ணூறு நாளில் என் ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பு குறைகிறதா என்ற சோதனை. தொடக்க அளவு 186. இலக்கு 130-க்குக் கீழ்.
2. தினமும் உண்டது, அளவோடு.
3. தினமும் நடந்தது, நேரத்தோடு.
4. உடம்பில் தெரியும் மாறுதல்கள், சிறியவையானாலும்.
5. நாற்பத்தைந்தாம் நாளும் தொண்ணூறாம் நாளும் ரத்தப் பரிசோதனை. அதே ஆய்வகம், அதே காலை ஏழு மணி, வெறும் வயிறு.
6. கோபதாபங்கள் எழுதப்படா. இது பதிவேடு.
7. இது என் உடம்பு. இந்தச் சோதனையால் வரும் நன்மையோ தீமையோ எனக்கு மட்டும்தான். ஆகவே யாருடைய சம்மதமும் தேவையில்லை.

ஆறாவது விதியை இந்தப் பக்கத்திலேயே மீறப் போகிறேன். மீறாவிட்டால் சோதனை ஏன் தொடங்கியது என்பதே பதிவாகாது.

சனிக்கிழமை டாக்டரிடம் போனேன். முப்பத்து நான்கு வருஷம் வானிலை நிலையத்தில் வெப்பமானியும் மழைமானியும் பார்த்து எழுதியவன் நான். ஓர் அளவைச் சொன்னால் அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியும். அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "கொழுப்பு ஏறியிருக்கு. ராத்திரி ஒண்ணு. ஆயுசுக்கும் போடணும்" என்று சொல்லிச் சீட்டை நகர்த்தினார்.

தைரியத்தைத் திரட்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "டாக்டர், மூன்று மாதம் உணவிலேயே முயன்று பார்க்கலாமா? வெந்தயம், ஓட்ஸ்..." என்றேன்.

"வெந்தயமா? உங்க வயசுக்கு வெந்தயம் தோசைக்குத்தான் சார் ஆகும்."

நர்ஸ் சிரித்தாள். வாசலில் நின்ற அடுத்த நோயாளியும் சிரித்தான். நானும் சிரித்தேன். எழுபத்தொரு வயதில், என்னைப் பார்த்துச் சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் பல்லைக் காட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு இரவாக அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன். என் மனைவி உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். "அந்த டாக்டரு சிரிச்சாருன்னா அதுக்கு நீங்க சாகணுமா?" என்றாள். தொண்ணூறாம் நாள் ரிப்போர்ட்டை அவர் மேஜையில் வைப்பேன். அதுதான் பதில்.

ஜூலை 4, செவ்வாய்

காலை: கேழ்வரகுக் கூழ் 250 மி.லி. மதியம்: சோறு ஒரு கப் (முன்பு இரண்டரை), அவரைக்காய்ப் பொரியல், ரசம், பூண்டு நான்கு பல். தேங்காய் இல்லை. மாலை ஏழு மணி: தபால் தராசில் நிறுத்த வெந்தயப் பொடி பத்து கிராம், கொழுப்பெடுத்த மோரில். லேசான கசப்பு. குடிக்க முடிகிறது.

நடை: 5.40 முதல் 6.25 வரை.

பாளையங்கோட்டையில் பிறந்தவனுக்குத் தேங்காய்ப்பால் சொதியும் வடையும் இல்லாத வாழ்க்கை. பரவாயில்லை. கோபம் பசியை அடக்குகிறது. இதையும் ஒரு மாறுதலாகக் குறிக்கிறேன்.

ஜூலை 6, வியாழன்

இன்றிலிருந்து வெந்தய மோரை உலகம்மாளே கலக்கித் தருவாளாம். "தராசும் கையுமா நீங்க அடுப்படிய ரெண்டாக்குதீய. நான் கலக்கித் தாரேன். ஏழு மணிக்குச் சரியாத் தாரேன், போதுமா?" என்றாள். மூன்று நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் இறங்கி வந்தாள். சம்மதித்தேன்.

மோர் இன்று கசப்பு அதிகம். புது வெந்தயம் போலிருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

மைதானத்தில் தாவீதிடம் சோதனையைச் சொன்னேன். இந்த ஊரில் என்னிடம் உரிமையாகப் பேசும் ஒரே மனிதர் அவர். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூன்று வயது இளையவர். எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதைக் 'கம்பி' என்பார்.

"என்ன வே ஆவுடை, வெந்தயத்தக் குடிச்சா மொகமும் கசக்குமோ? காலைலயே இப்படி வச்சிருக்கீரு" என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நடப்பதை நிறுத்திவிட்டு, "அப்படியா சொன்னான்? நீரு இறக்கிக் காட்டும் வே. அவன் மூஞ்சில எறியணும் அந்த ரிப்போர்ட்ட" என்றார்.

எனக்காக ஒருவர் கோபப்பட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! கூட ஒரு சுற்று நடந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

எடை ஒரு கிலோ குறைவு. கோபம் குறையவில்லை.

ஜூலை 21, வெள்ளி

நான்காவது இனத்தின் கீழ்: இரண்டு கெண்டைக்காலிலும் வலி, மாடிப்படி ஏறும்போது அதிகம். நடையால் இருக்கும். டம்ளரின் அடியில் வெண்மையாகக் கொஞ்சம் படிவு நிற்கிறது. மோர்த் திப்பி. இரண்டையும் உலகம்மாளிடம் சொன்னேன். படிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கால்வலி என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப வலிக்கா?" என்று மூன்று முறை கேட்டாள். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அவளாக வந்து செய்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம், நான் அதையெல்லாம் பதிவு செய்ததில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

என் தங்கை மகன் வீட்டுப் புதுமனை விருந்து. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். இலையில் நான் சோறும் ரசமும் மட்டும் வாங்கினேன். பந்தியில் எதிரே இருந்தவர், "சார்வாள் நூறு வயசு இருக்கப் பாக்காரு போல" என்றார். ஒரு பந்தியே சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. இதை முன்னேற்றமாகக் கொள்ளலாமா?

ஆகஸ்ட் 16, புதன்

நாற்பத்தைந்தாம் நாள். கெட்ட கொழுப்பு: 108.

ஆய்வகப் பெண்ணிடம், "அம்மா, சரியாகப் பார்த்தீர்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். "மிஷின் பொய் சொல்லாது சார்" என்றாள். மிஷினும் பொய் சொல்லும். அதனால்தான் நிலையத்தில் நாங்கள் இரண்டு வெப்பமானி வைத்திருப்போம். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. பொய்யாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அளப்பவன் அப்படி வேண்டக் கூடாது.

உலகம்மாளிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கின. "ஏதோ, கொறஞ்சுதே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாலை கிளினிக் போனேன். தொண்ணூறு நாள் பொறுக்க முடியவில்லை. டோக்கன் 31. ரிப்போர்ட்டை மடியில் வைத்து, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். 'டாக்டர், இது தோசை அல்ல.' 28 வரை உட்கார்ந்திருந்தேன். 29 கூப்பிட்டபோது எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை அளக்க ஒரு கருவி இருந்தால் அது உடைந்திருக்கும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து தாவீது நச்சரிக்கிறார். "எழுதிக் குடும் வே. என்ன தின்னீரு, எப்பக் குடிச்சீரு, எல்லாம். எனக்குத் தினம் ஏழு மாத்திரை. ஞானம் அதை டப்பாவுல அடுக்கி வச்சுக்கிட்டு, பிள்ளைக்கு மருந்து குடுக்கிற மாதிரி நிக்கா. எனக்கு வெக்கமா இருக்கு வே." ஞானம்மா அவர் மனைவி.

"உமக்கு வேறு விதம் தாவீது. கம்பி வைத்திருக்கிறது" என்றேன்.

"கம்பி கம்பியா இருக்கும். நான் கொழுப்பத்தானே கேக்கேன்?"

ஒரு முழுத்தாளில் எழுதினேன். தலைப்பு, உணவு, நேரம், நடை, தொடக்க அளவு, நாற்பத்தைந்தாம் நாள் அளவு. வரைவின் கடைசியில், 'மருத்துவரைக் கேட்காமல் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. சுத்தப் பிரதியில் அதைச் சேர்க்கவில்லை. எந்த மருத்துவரை? போனை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறவரையா?

ஆகஸ்ட் 19, சனி

தாவீது இன்று காலை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஞானம்மாவுக்குத் தெரியாது. அவள் எடுத்து வைத்ததை வாயில் அடக்கி, விழுங்கியதுபோல் காட்டிவிட்டு, வாசல் பூந்தொட்டியில் துப்பி மண்ணைத் தள்ளிவிட்டாராம். "இனி எங்க வீட்டு அரளிக்குக் கொழுப்பே ஏறாது வே!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏழு மாத்திரையையுமா என்று கேட்க நினைத்தேன். நடையில் பேச்சு மாறிவிட்டது.

செப்டம்பர் 5, செவ்வாய்

உலகம்மாளிடம் தாவீது விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். பெருமைக்காகச் சொன்னேன். மோர் டம்ளரைக் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

"மாத்திரைய நிறுத்திட்டாரா? அவரா?"

"என் தாளைப் பார்த்துத்தான். பதினெட்டு நாள் ஆயிற்று."

"ஐயோ, அவருக்கு நெஞ்சுல கம்பி இருக்குங்க! இப்பவே போயி மாத்திரையப் போடச் சொல்லுங்க. எந்திரிங்க."

"எனக்குக் குறைந்தது உன் கண் முன்னால்தானே?"

வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்து டம்ளரைப் பார்த்தாள். பிறகு மேஜையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். மோர் நோட்டில் தெறித்தது. இந்தக் கறை அதுதான்.

வீட்டிலும் என் வேலைக்கு மதிப்பில்லை. இரண்டு கால் வலியோடு, வாயைக் கட்டி, அறுபத்தைந்து நாள் உழைத்து ஓர் அளவைக் கொண்டுவந்தால், பெற்றவர்கள் பிள்ளையை அதட்டுவதுபோல் 'எந்திரிங்க' என்கிறாள். குடிக்காமல் கொட்டிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் விட்டுப்போனால் பதிவில் ஓட்டை விழும். குடித்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. மோர் மட்டும் ஏழு மணிக்கு வருகிறது.

செப்டம்பர் 20, புதன்

எங்கள் மகள் செண்பகத்துக்கு மதுரையில் பித்தப்பை ஆபரேஷன். உலகம்மாள் காலை பஸ்ஸில் போனாள். ஐந்து நாள். போகுமுன் ஐந்து காகிதப் பொட்டலங்களை மடித்து, புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று எழுதிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். "ஒரு நாளைக்கு ஒண்ணு. மோர்ல கொட்டிக் கலக்கினாப் போதும். டப்பாவுல இருக்கிற பொடிய எடுக்காதீய, இதத்தான் குடிக்கணும்" என்று பஸ் நிலையத்தில் மறுபடியும் சொன்னாள்.

நாற்பத்தாறு வருஷத்தில் என்னிடமிருந்து ஒழுங்கைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று மகிழ்ந்தேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு, தாவீது கேட்டார் என்பதற்காக, ஒரு நாள் பொடியின் சரியான எடையைப் பார்க்க மீதமிருந்த மூன்று பொட்டலங்களையும் தராசில் வைத்தேன். வெள்ளிக்கிழமைப் பொட்டலத்தைத் தட்டில் கொட்டினேன். வெந்தயப் பொடி மஞ்சள். இதில் வெள்ளைத் துணுக்குகள். பூஞ்சை என்று நினைத்து டீ வடிகட்டியில் சலித்தேன். வடிகட்டியில் நின்றவை சுண்ணாம்புச் சில்லு போலிருந்தன. ஒன்றின் ஒரு பக்கம் வழவழப்பாக, வளைவாக இருந்தது. மாத்திரையின் விளிம்பு.

சனிக்கிழமைப் பொட்டலத்திலும் அதே. ஞாயிற்றுக்கிழமையிலும் அதே.

பொடியை மடித்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை உட்காரச் சொன்னார். நான் கேட்குமுன்பே, "அம்மா ஊர்ல இருந்து வந்துட்டாகளா? போன வாரமே வாங்கிட்டுப் போனாகளே சார். உங்களுக்குக் கொழுப்புக்கு ராத்திரி போடுறதுதானே? ஜூலைல இருந்து ஒழுங்கா வாங்குதாக. கசங்கின சீட்டா இருக்கும், நான்கூடக் கேட்டேன், என்னம்மா சீட்ட மாடு தின்னுச்சான்னு" என்றார்.

ஜூலை 6. மோர் கசந்த நாள். அதிலிருந்து நேற்று வரை எழுபத்தெட்டு மாத்திரைகள். 186-ஐ 108 ஆக்கியது கேழ்வரகு அல்ல. பூண்டு அல்ல. நான் அல்ல.

மதுரைக்குப் போன் செய்தேன். கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. "நான் ஆடா? தழைக்குள் மருந்தை வைத்துத் திணிக்க நான் என்ன ஆடா?"

"ஆடா இருந்தாச் சொன்னதக் கேட்டிருக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாம் வந்து பேசுதேன். எம்மேல எவ்வளவு வேணாலும் கோவப்படுங்க. மொதல்ல தாவீது சார்ட்டப் போயிச் சொல்லுங்க. இப்பவே" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். எனக்கு உத்தரவு போட இவள் யார்?

செப்டம்பர் 23, சனி

மைதானம் போகவில்லை. தூறல்.

செப்டம்பர் 24, ஞாயிறு

உலகம்மாள் வந்துவிட்டாள். பையை வைக்குமுன் கேட்டது: "சொல்லியாச்சா?" சர்ச் இருக்கும் நாள், நாளை சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 25, திங்கள்

சொல்லத்தான் போனேன். தாவீது மைதானத்துப் படியில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு என் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். "நம்ம ஆவுடை சார் கண்டுபிடிச்சது. முப்பத்துநாலு வருசம் மழைய அளந்த மனுசன். ஒரு புள்ளி கூட்டி எழுத மாட்டாரு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வணக்கம் சொன்னார்கள்.

ஒன்றும் சொல்லாமல் ஐந்து சுற்று நடந்துவிட்டு வந்தேன். தாவீது நான்காவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். வெயில் என்றார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

சொல்லவில்லை.

செப்டம்பர் 27, புதன்

உலகம்மாள் கதவை மறித்து நின்றாள். "நாளைக்கு நீங்க சொல்லல்லன்னா நான் போயி ஞானத்துக்கிட்டச் சொல்லுவேன்."

"நீ செய்த திருட்டைத்தானே சொல்ல வேண்டும்? போய்ச் சொல்" என்றேன். அவள்மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 28, வியாழன்

காலை 6.20-க்கு ஞானம்மா போன் செய்தாள். குளித்துவிட்டு வந்த தாவீது பனியனைப் போடக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். நானும் உலகம்மாளும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், அதே டாக்டர். இங்கேயும் வருவாராம். கையில் எழுதும் அட்டை. ஞானம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வழக்கமான மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறாராம்மா? எதையும் விடலையே?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர். எங்கையாலதான் எடுத்துக் குடுக்கேன். அவுக முழுங்குற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். தவறான அளவு பதிவாகிறது. என் கண் முன்னால். உலகம்மாள் என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத் தொடவும் இல்லை.

"டாக்டர்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பிக் கதவைத் தள்ளினார்.

"டாக்டர்!" நடைபாதை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "அவர் மாத்திரை போடவில்லை. ஆகஸ்ட் பத்தொன்பதிலிருந்து. நாற்பது நாள்."

"எந்த மாத்திரை? ரத்தம் உறையாம இருக்கக் குடுத்ததையுமா?"

"எதையும் போடவில்லை. பூந்தொட்டியில் போட்டார்."

"யார் நிறுத்தச் சொன்னா?"

"நான் எழுதிக் கொடுத்தேன். வெந்தயம், பூண்டு, நடை. என் தாளைப் பார்த்து நிறுத்தினார்."

அந்தச் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் அட்டையில் எழுதியதை மாற்றினார். உள்ளே பார்த்து ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். இரண்டு நர்ஸ்கள் ஓடினார்கள். கதவு மூடுமுன் என்னைப் பார்த்து, "நல்லவேளை சொன்னீங்க பெரியவரே" என்றார். யாரோ ஒரு பெரியவர். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. எண்பத்தெட்டு நாளாக நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?

ஞானம்மா என் எதிரே வந்து நின்றாள். முழுவதையும் சொன்னேன். என் மோரில் மாத்திரை இருந்ததையும், எனக்கு அது தெரியாமல் தாளை எழுதியதையும்.

"எப்பத் தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"வெள்ளிக்கிழமை."

விரலை மடக்கி எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஆறாவது விரலுக்கு மறு கையை எடுத்தாள்.

"ஆறு நாளு" என்றாள். "எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல நாலு தெரு." பிறகு, "என் கண்ணு முன்னால நிக்காதீய. போயிருங்க" என்றாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

தாவீது பிழைத்துக்கொண்டார். கம்பிக்குள் ரத்தம் கட்டியிருந்தது. மறுபடி திறந்துவிட்டார்கள். இதயத்தின் ஒரு பகுதி இனி முன்போல் வேலை செய்யாதாம். மைதானத்தில் ஐந்து சுற்று இனி இல்லை.

மாலை ஏழு மணிக்கு உலகம்மாள் டம்ளரில் வெறும் மோரும், பக்கத்தில் ஒரு தட்டில் ஒரு மாத்திரையும் கொண்டுவந்து வைத்தாள். தனித்தனியாக.

"ஏன் அன்றே சொல்லவில்லை? செப்டம்பர் ஐந்து. டம்ளரோடு நின்றாயே" என்று கேட்டேன். இன்று கத்த முடியவில்லை. ஆனால் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

தரையில் உட்கார்ந்தாள். "அந்த ரிப்போர்ட்டக் கொண்டாந்து காட்டுனீயள்ல, அன்னைக்கு ஒங்க மொகத்தப் பாத்தேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படி ஒரு மொகத்தப் பாத்ததில்ல. சின்னப் பிள்ளை பரிச்சைல பாஸானாப்புல. அதைப் போயி எப்படி ஒடைக்க? பெறகு தாவீது சாரு நிறுத்திட்டாருன்னதும், சொல்லணும்னு வாயெடுத்தேன். சொன்னா நீங்க மாத்திரைய விட்டுருவீயளேன்னு பயம். எங்க அண்ணன் பஸ்ஸுல உக்காந்தபடியே செத்ததப் பாத்தவ நான். ஒங்க உசுரா, அவரு உசுரான்னு நான் ஒங்க பக்கம் நின்னுட்டேன். அது பாவந்தான். நீங்க ஆறு நாளு. நான் பதினேழு நாளு."

செப்டம்பர் ஐந்திலிருந்து இருபத்திரண்டு வரை. அவளும் எண்ணி வைத்திருக்கிறாள்.

எனக்குத் தெரியாமல் என் உடம்புக்குள் மருந்தை விட்டதை நான் மன்னிக்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன். "மன்னிக்க வேண்டாம்" என்றாள். மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 30, சனி

தொண்ணூறாம் நாள். ரத்தம் கொடுத்தேன். 99. உணவால் எவ்வளவு, மாத்திரையால் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஒன்றாம் இனத்துக்கு விடை கிடையாது.

பிறகு கிளினிக். டோக்கன் 17. இந்தத் தடவை உட்கார்ந்திருந்தேன். கால் வலியைச் சொன்னேன், அது எப்படித் தொடங்கியது என்பதையும் சொன்னேன். அந்த மாத்திரையாலும் வரலாம் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதி, அளவைக் குறைத்தார். உணவையும் நடையையும் விட வேண்டாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம் என்றார். போன் ஒலித்தது, எடுத்து இடுக்கிக்கொண்டார். எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்கு ஒரு மனிதனின் இதயம் விலை இல்லை.

மாலை ஆஸ்பத்திரி. ஞானம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாள். தாவீது தலையணையில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஆறு நாளு சொல்லல்லியாம்லா?"

"ஆமாம்."

"ஏன் வே?"

"நீர் என் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தீர். வெட்கமாக இருந்தது."

ஒரு கேலி வரும் என்று நின்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"போயிட்டு வாரும்" என்றார்.

அக்டோபர் 1, ஞாயிறு

வானிலை நிலையத்தில் எங்கள் பதிவேடுகளில் ரப்பர் கூடாது. தவறான அளவை யாரும் படிக்கும்படி ஒரே ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். எழுதியவன் என்ன தவறு செய்தான் என்பதும் பதிவில் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த விதி.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஆறாவது மீறப்பட்டது, ஆனால் விதி சரியானதுதான். ஏழாவதை மெதுவாக, ஸ்கேல் வைத்து, ஒரு கோட்டால் அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'தவறு. எனக்கு மட்டும் என்பது தவறு. உலகம்மாள், தாவீது, ஞானம்மா, நான். நான்கு பேர். ஒருவரையும் கேட்கவில்லை.'

சுருக்கொப்பம் இட்டேன்.